சு. உலகம்மை, இன்னொரு சு. உலகம்மை

ஆகஸ்ட் 12

இன்று முந்நூறு டம்ளர்கள் காணாமல் போயின. என் கண்முன்னால் ஈரம் சொட்டச் சொட்டக் கவிழ்ந்து கிடந்தன, ஆனாலும் காணவில்லை என்று கணினி சொன்னது. அதற்கு அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

இந்த நோட்டை அம்மா எடுத்துப் படிப்பாள் என்று தெரியும். ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன். எனக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்பில் ஜனவரி வரை படித்தேன். பிறகு வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் மட்டும் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. மிகவும் ஒழுக்கமான வயிற்றுவலி. மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாத வயிற்றை வைத்துக்கொண்டு வீட்டில் எதற்குக் கிடக்க வேண்டும் என்று அப்பா என்னைத் தன் அக்காவிடம் அனுப்பினார்.

வேலம்மாள் அத்தை அம்பாசமுத்திரத்தில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறாள். அத்தை மகன் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது ஒரு பழைய லேப்டாப்பையும் பைத்தான் என்ற கணினி மொழிப் புத்தகத்தையும் விட்டுப் போயிருந்தான். ஆறு மாதமாக நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். காரணம் அறிவுத் தாகம் இல்லை. கையில் புத்தகம் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மண்டபத்துக்குப் போன பாத்திரம் எல்லாம் திரும்பி வந்ததா என்று பார்க்க ஒரு நிரல் எழுதுகிறேன். அத்தையின் நிபந்தனை: ஆவணி முடிவதற்குள் அது சரியாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் சுமை ஏற்றும் மாடக்கண்ணு மாமாவோடு மண்டபம் மண்டபமாகப் போய், நாலு பேர் பார்க்க, நான் வாய்விட்டு எண்ண வேண்டும்.

வாய்விட்டு. நினைத்தாலே நிஜமாக வயிறு வலிக்கிறது.

ஆகஸ்ட் 13

டம்ளர் மர்மம் தெரிந்துவிட்டது. ‘பாத்திரம்’ என்று ஒரு கிளாஸ், அதாவது கணினிக்கான ஒரு வார்ப்பு, எழுதி, போகும்போது ஒரு பட்டியல், வரும்போது ஒரு பட்டியல் என்று வைத்திருந்தேன். இதுவும் அதுவும் சமமா என்று கேட்டேன். நாமாகச் சொல்லித் தராவிட்டால் கணினிக்குத் தெரிந்தது ஒரே கேள்வி: இது அதேதானா? போன டம்ளரை நினைவில் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறது, வந்த டம்ளரை இன்னோரிடத்தில். இடம் வேறு, ஆகவே டம்ளர் வேறு. முந்நூறு தொலைந்துவிட்டது, எங்கிருந்தோ புதிதாக முந்நூறு வந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்துவிட்டது.

சமம் என்றால் என்ன என்று நான்தான் எழுதித் தர வேண்டுமாம். என்னைப் போய்க் கேட்கிறது.

ஆகஸ்ட் 14

எழுதினேன். வகை ஒன்றாக இருந்து, உலோகம் ஒன்றாக இருந்து, அளவும் ஒன்றாக இருந்தால் சமம். டம்ளர்கள் முந்நூறும் திரும்பி வந்தன. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதத்தான நா வெத்தல போட்டுக்கிட்டே எண்ணுவேன்," என்றாள்.

பிறகு அவளே உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். ஒரு அண்டா வரவில்லை. வந்தது என்ன என்ற இடத்தில் "சமையல்காரர் நாளைக்குத் தாரேன்னாரு" என்று எழுதிவிட்டாள். என் நிரல் அந்த வாக்கியத்தையும் அண்டாவையும் ஒப்பிடப் போய், வாக்கியம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டு, பதில் வராமல் விழுந்துவிட்டது.

"என்னட்டி செத்துப்போச்சு?"

ஒப்பிடுவதற்கு முன்னால் எதிரில் இருப்பது பாத்திரம்தானா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி சேர்த்தேன். பள்ளிக்கூட மேடைகளிலும் இப்படி ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 16

பெயர்கள் தொல்லை.

கடையிலுள்ள பெரிய பாத்திரங்களில் பாதி, யார் யார் வீட்டிலிருந்தோ வந்தவை. நம் ஊரில் பெயர் வெட்டாமல் யாரும் பாத்திரம் வைத்துக்கொள்வதில்லை. கல்யாணச் சீர் என்றால் பெயர், சடங்கு என்றால் பெயர், மொய்க்கு வந்த தூக்குவாளியில்கூடக் கொடுத்தவர் பெயர். என் சடங்குக்கு வாங்கிய பித்தளைச் சருவமும் இங்கேதான் இருக்கிறது. வாய் அகன்று, இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் அளவில், விளிம்பில் புள்ளி புள்ளியாக "சு. உலகம்மை". வீட்டில் சும்மா கிடக்கிறது என்று அப்பா அத்தையிடம் கொடுத்துவிட்டார். சடங்கன்று நானே அதைக் கீழே போட்டதில் அடிப்பக்கம் ஒரு ஒடுக்கு உண்டு. என் வாழ்வில் நான் பதித்த ஒரே முத்திரை.

சமம் என்பதில் பெயரையும் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 17

பெயர் வெட்டிய பாத்திரங்களை ‘செட்’ என்ற கூடையில் போடலாம் என்று புத்தகம் சொன்னது. அதில் ஒரே பொருள் இரண்டு முறை நுழையாது. போட்டேன். பிழை. சமம் என்பதை நீயே எழுதினால் ஹாஷையும் நீயே எழுது என்று முறைத்துக்கொண்டது.

ஹாஷ் என்பது பாத்திரத்தின் விவரங்களிலிருந்து கிடைக்கும் ஒரு எண். அலமாரியில் எந்தத் தட்டில் தேட வேண்டும் என்று அது சொல்லும். சமமான இரண்டுக்கு ஒரே எண் வந்தாக வேண்டும். ஆனால் ஒரே எண் வந்தது என்பதற்காக இரண்டும் சமம் ஆகிவிடாது. நான்கு முறை படித்தும் புரியவில்லை. பிறகு, நம்முடைய இனிஷியல்தானே இது என்று பட்டது. என் அப்பா சுடலைமுத்து, ஆகவே நான் சு. அவள் அப்பா சுப்பையா, ஆகவே அவளும் சு. ஒரே தட்டு. அதற்காக இரண்டு அப்பாக்களும் ஒருவர் ஆகிவிடுவார்களா?

அவள் யார் என்று எழுத இப்போது நேரமில்லை. அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

(பிறகு.) நிரல் ஓடுகிறது. பெயர் வெட்டிய பாத்திரம் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றுதான் இருக்கும் என்பதால் செட் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு அதிரசம் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23

மேலத்தெருக் கல்யாணத்துக்குப் போன பாத்திரங்கள் வந்தன. அத்தை பாதி பதிந்தாள், அவள் சாப்பிடப் போனதும் மீதியை நான் பதிந்தேன். பெயர் வெட்டியது போனது 41, வந்தது 41. முதல்முறையாக எல்லாம் பச்சை.

மாடக்கண்ணு மாமா மட்டும் தலையைச் சொறிந்தார். "நா நாப்பத்திரெண்டு எறக்குன மாதிரில்லா இருக்கு."

"ஒமக்குப் பத்துக்கு மேல எண்ணத் தெரியுமாவே? அதுல பாரும், நாப்பத்தொண்ணு."

அத்தை லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 27

அவள் வந்தாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே வகுப்பு. என் பெயர்தான் அவளுக்கும். பாபநாசத்து அம்மன் பெயரை இரண்டு வீட்டிலும் வைத்துவிட்டார்கள், அம்மனைக் குறை சொல்ல முடியாது. அவள் கணக்கில் நூறு வாங்குவாள் என்பதால் டீச்சர்களுக்கு அவள் "கணக்கு உலகம்மை". நான் "இன்னொரு உலகம்மை". எதற்கும் இன்னொருத்தி தேவைப்பட்டால் நான் தயாராக இருந்தேன்.

குரல் கேட்டதுமே பெரிய கிடாரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். எதையோ தேடுவதுபோல இருந்தது. என்னைத்தான்.

"பெரியம்மா, மேலத்தெருல எங்க பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க சருவத்தையும் கொண்டுபோயிருந்தோம். ஒங்க வண்டில மாறி ஏறிருச்சு போல. எம்பேரு வெட்டிருக்கும். சு. உலகம்மை."

"அந்தப் பேருல எங்க கடைச் சருவம்லா இருக்கு. எந்தம்பி மகளோடது. ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. இந்தா, நீயே பாரு." அத்தை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "மனுசன் பொய் சொல்லுவான் தாயி. இது சொல்லாது."

அவள் பார்த்திருப்பாள். பச்சை நிறத்தில் 41.

"இல்ல பெரியம்மா... அம்மா வாங்கித் தந்தது. அம்மா போன கார்த்திகைல தவறிட்டாங்க. அதான்."

"அடப் பாவமே. கல்யாண வீட்லயே நல்லாத் தேடிப் பாரும்மா."

"சரி பெரியம்மா," என்று போய்விட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான். டீச்சர் தப்பாக மார்க் கூட்டினாலும் சரி என்பாள்.

அவள் அம்மா இறந்தது எனக்குத் தெரியாது. கார்த்திகையில் நானும் அதே வகுப்பில்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 28

அத்தை மார்க்கெட் போனதும் பித்தளை அடுக்கைப் பிரித்தேன். இரண்டு சருவங்கள். இரண்டும் ஒரே கடையில் வாங்கியது, ஒரே அளவு, ஒரே ஆள் வெட்டிய புள்ளி எழுத்து. சு. உலகம்மை. சு. உலகம்மை. ஒன்றில் ஒடுக்கு இருக்கிறது, ஒன்றில் இல்லை.

அத்தை ஒன்றைப் பதிந்திருக்கிறாள், நான் ஒன்றைப் பதிந்திருக்கிறேன். வகை ஒன்று, உலோகம் ஒன்று, அளவு ஒன்று, பெயர் ஒன்று. ஏற்கெனவே இருக்கிறது என்று செட் இரண்டாவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. தப்பு அதன்மேல் இல்லை. நான் எழுதித் தந்த சமத்தைத்தான் அது நம்பியது.

ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் நினைத்திருக்கலாம். நினைக்கக் கூடாத ஆள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நிரல் எழுதியிருக்கிறாள்.

அத்தையிடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 29

வாளிகளுக்குப் புளி போட்டுத் தேய்த்தேன். மழை வருவதுபோல இருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 30

கரண்டிகளை அடுக்கினேன். வயிற்றுவலி.

ஆகஸ்ட் 31

பித்தளை யாரும் கேட்பதில்லையாம். நாளைக் காலை பழைய பாத்திரம் வாங்கும் அண்ணாச்சி வந்து பித்தளைச் சருவங்களை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எவர்சில்வர் அண்டா தருகிறார். பித்தளையை உருக்கிவிடுவார்கள். லேப்டாப்பைப் பார்த்து அத்தை எண்ணிக்கை சொன்னாள்: ஏழு. அலமாரியில் எட்டு இருக்கிறது. எனக்கும் மாடக்கண்ணு மாமாவுக்கும் மட்டும் தெரியும், மாமா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஓஞ் சருவமும் அதுல போகுது ட்டி. ஒங்கப்பங்கிட்டக் கேட்டுட்டேன். ஒனக்கு வருத்தமில்லயே?"

தலையை ஆட்டினேன். சொல்ல வாயைத் திறந்தேன். "அத்தை," என்றேன். "என்னட்டி?" என்றாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

வேண்டும் என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன்.

தப்பைச் சொன்னால் லேப்டாப் போய்விடும், மண்டபம் மண்டபமாக எண்ண வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அவளிடம் போய் நின்று, நான்தான் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் எல்லோருக்கும் முன்னால் இன்னொரு உலகம்மையாக.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் எழும்போதே வயிறு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை வலித்தது இதுவே முதல் முறை.

அண்ணாச்சி எட்டு மணிக்கே வந்துவிட்டார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அலமாரி காலி. வாசலில் லோடு ஆட்டோ. இடம் அடைக்காமல் இருக்க அவருடைய ஆள் ஒவ்வொரு சருவத்தையும் கவிழ்த்துப்போட்டுச் சம்மட்டியால் சப்பையாக்கிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர், பால்காரர், இரண்டு பெண்கள்.

நிறுத்துங்கள் என்று கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். கதவு இடுக்கில் மாட்டிய எலிபோல ஒரு சத்தம் வந்தது. யாரும் திரும்பவில்லை. பிறகு என்ன நடந்தது என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஈரத் தலையோடு ஓடிப்போய்ச் சம்மட்டிக்காரன் கையைப் பிடித்துத் தொங்கினேனாம்.

"அதுல ஒண்ணு நம்மளது இல்ல! எட்டு இருக்கு! புரோகிராம் தப்பு! நாந்தான் தப்பா எழுதினேன்! அந்தப் பிள்ள சொன்னது உண்ம!"

தெருவே கேட்டது. ஆறு மாதத்துக்குச் சேர்த்துப் பேசிவிட்டேன்.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் அத்தை.

சப்பையானவை மூன்று. முதலாவது தகட்டைத் திருப்பினேன். விளிம்பில் "ஆ. வள்ளிநாயகம்". இரண்டாவதில் பெயர் இல்லை. மூன்றாவதில் "சு. உலகம்மை".

இதில் ஒடுக்கு இருந்ததா இல்லையா என்று இனி யார் சொல்ல முடியும்? முழுக்க முழுக்க ஒடுக்காகத்தான் இருந்தது.

ஆட்டோவில் ஏறி மிச்சத்தைப் புரட்டினேன். கடைசிக்கு முந்தியதாக இன்னொரு சு. உலகம்மை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. இன்னொரு முறை தடவினேன். ஒடுக்கு இல்லை.

நசுங்கியது என்னுடையது. இனி இரண்டும் சமம் இல்லை என்பதை எந்த மோசமான நிரலும் கண்டுபிடித்துவிடும்.

அத்தை சப்பைத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, "பொய் சொல்லாதுன்னு அந்தப் பிள்ளைட்டச் சொன்னேனே ட்டி. தாய் இல்லாத பிள்ளைட்ட," என்றாள். லேப்டாப்பின் சந்தனப் பொட்டை முந்தானையால் துடைத்தாள். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"புதங்கிழம."

"இன்னைக்கு ஞாயிறு."

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். "மாடக்கண்ணு கூட்டிட்டுப் போவாரு. நீயே கொண்டுபோய்க் குடு. நா வரமாட்டேன், எனக்கு வெக்கமா இருக்கு," என்றாள். அத்தைக்கு வெட்கம் வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அவள் வீட்டுக் கதவை அவளே திறந்தாள். வழி முழுக்க ஒத்திகை பார்த்த நான்கு வாக்கியங்களில் இரண்டு சொற்கள்தான் மிஞ்சின.

"இது ஒன்னோடது."

அவள் சருவத்தின் உள்ளே கையை விட்டுச் சுற்றித் தடவினாள். நான் ஒடுக்கைத் தேடியது போலவே. "தெரியும்," என்றாள். "அங்கதான் இருக்கும்னு தெரியும். ஆனா எப்படிச் சண்ட போட? பேரும் ஒண்ணு, அளவும் ஒண்ணு."

எல்லாவற்றையும் சொன்னேன். செட், ஹாஷ், 41, கிடாரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது, புதன், வியாழன், வெள்ளி, சனி. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நம்ம பேருல ரெண்டு இருக்கும்னு ஒனக்குமா ட்டி மறந்துச்சு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. மாமா வண்டியில் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பிறகு அவள், "குடியரசு தினத்தன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். சருவத்தின் ஒரு காது இன்னும் என் கையில் இருந்தது.

அம்மா, நீ இதைப் படிக்கிறாய் என்றால், அன்றைக்கு நடந்தது இதுதான். கணக்குப் போட்டிப் பரிசுக்கு "பதினோராம் வகுப்பு, சு. உலகம்மை" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன். போட்டியில் நானும் எழுதியிருந்தேன், ஒருவேளை என்று நினைத்துவிட்டேன். மேடையில் கையை நீட்டியபோது தலைமையாசிரியை, "நீ இல்லம்மா, இன்னொரு உலகம்மை," என்றார். அன்றைக்கு மட்டும் இன்னொரு உலகம்மை அவள். எண்ணூறு பேர் சிரித்தார்கள். இறங்கும்போது படி கணக்குத் தப்பி விழுந்தேன். வயிற்றில் எதுவும் இல்லை அம்மா, எப்போதுமே இருந்ததில்லை.

"எனக்குத்தான் கூப்புடுதாங்கன்னு தெரியும்," என்றாள் அவள். "அம்மா போயி ரெண்டே மாசம். எந்திரிச்சா அழுதுருவேன்னு உக்காந்திருந்தேன். நீ எந்திரிச்சுப் போன. அப்பாடான்னு இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாளுவ, நா சிரிக்கல. ஆனா ஒனக்காக ஒண்ணுஞ் சொல்லவும் இல்ல."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அது கைவந்த கலை.

"அப்புறம் நீ வரல. டீச்சர் நம்ம பேர ரெண்டு தடவ கூப்பிடுவாங்கல்லா? மூணு நாள் ரெண்டு தடவையும் நானே ‘உள்ளேன்’னு சொன்னேன். பேர அடிச்சிரக் கூடாதுன்னு. நாலாவது நாள் தலையத் தூக்கிப் பாத்துட்டாங்க. ரெண்டு பீரியடு வெளிய நின்னேன்."

கணக்கில் நூறு வாங்குகிறவள். பிடிபட நான்கு நாள் ஆகும் என்பதைக் கணக்குப் போடாமல் விட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 8

இன்று கல்லிடைக்குறிச்சி மண்டபம். வாய்விட்டு எண்ணினேன். பதினேழு வரை யாருக்கும் கேட்கவில்லை. மாமா, "பிள்ள மனசுக்குள்ள எண்ணுது," என்று சமையல்காரர்களிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டைக் கோபத்தில் சொன்னேன், கேட்டது. அதே கோபத்தை நூற்றுப்பத்து வரை வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, சனி

நிரலைத் திருத்திவிட்டேன். டம்ளருக்குப் பழைய சமமே போதும், எந்த டம்ளர் வந்தாலும் டம்ளர்தான். பெயர் வெட்டிய பாத்திரத்துக்கு மட்டும் ஆளுக்கொரு எண். அந்த எண் ஒன்றாக இருந்தால்தான் சமம். எண்ணை அடியில் வெட்ட வேண்டும் என்றதும் அத்தை, "பாத்திரத்துக்கு நம்பரா? செயிலுக்கா அனுப்புதோம்?" என்றாள். ஆனாலும் வெட்டுகிற ஆளை வரச் சொல்லிவிட்டாள். சப்பையான என் சருவத்தை அண்ணாச்சியிடமிருந்து திரும்ப வாங்கி, கடைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். யாராவது கேட்டால், "எங்க கம்ப்யூட்டர் இஞ்சினியர் செஞ்சது," என்கிறாள்.

பிற்பகலில் வெட்டுகிற ஆள் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"பெரியம்மா, உலகம்மை இருக்காளா? பன்னெண்டாவதுல எங்களுக்குப் பைத்தான் இருக்கு. டீச்சர் நடத்துனது ஒண்ணும் வெளங்கல."

"ஒம்பேரு என்ன தாயி?" தெரிந்தே கேட்டாள் அத்தை.

"உலகம்மை."

"பெறகு எந்த உலகம்மையத் தேடுத?"

நான் கிடாரங்களுக்குப் பின்னால்தான் இருந்தேன். பழக்கதோஷம். எழுந்து நின்றேன். வெட்டுகிற ஆள், மாமா, பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் பார்த்தார்கள்.

"உள்ளேன்," என்றேன்.

"என்னட்டி இது," என்றாள் அத்தை, "பள்ளிக்கூடமா?"